பார்க்கிங் முன்னே, முகம் உள்ளே

1. சிகாமட்டில் ரயில் ஏறிய அக்காவும் தங்கையும் என் எதிரே உட்கார்ந்தார்கள்.
2. அக்கா ஒரு பெட்டியைத் திறந்தார். நாளை திறக்கவிருக்கும் அவருடைய மணப்பெண் அலங்காரக் கடையின் துண்டறிக்கைகள், மூன்றாக மடித்தவை.
3. முன்பக்கத்தில் கார் பார்க்கிங் வரைபடம் இருந்தது.

"அலமாக்! என் முகம் எங்கடி?"

"உள்ள மடிஞ்சு கிடக்குக்கா. டிசைன் பண்ணது யாரு?"

"நான்தான். விரிச்ச தாள்ல முதல்ல முகம், கடைசியில மேப்னு வரிசையா வெச்சேன். மடிச்சா கடைசிதான் மேல வரும்னு யாருக்குத் தெரியும்? ஊர்ப் பொண்ணுங்க முகத்தையெல்லாம் பளிச்சுனு காட்டுறவ, சொந்த முகத்த மறைச்சுட்டேன்."

"கடைக்கு வராட்டியும் கார் நிறுத்த வருவாங்க லா."

"சிரிக்காத. குளுவாங் கல்யாண மண்டபத்துல இன்னிக்கே கொடுக்கணும். மறுபடி அடிக்க நேரமில்ல."

தங்கை ஒன்றைப் பிரித்தாள். வரைபடத்தை முதலில் உள்ளே மடித்து, முகத்தை அதன்மேல் மடித்தாள்.

"இப்ப வலமிருந்து இடமா படிக்கிற ஜாவி புத்தகம் மாதிரி அந்தப் பக்கமா திறக்குது. பரவாயில்லயா?"

"முகம் தெரியுதுல்ல? மடி, மடி."

நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன். இதே தவற்றை நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

குளுவாங்கில் அவர்கள் இறங்கியபோது பெட்டியில் பாதித் துண்டறிக்கைகளில் முகம் மேலே இருந்தது. மீதியில் இன்னும் பார்க்கிங்தான்.