ஓங்கிலுக்கு அறுத்த வலை

“ஓங்கிலுக்காக யாராச்சும் புது வலைய அறுப்பாங்களா?”

கோட்டைப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த கர்ப்பிணி தன் மீனவக் கணவரைக் கேட்டாள்.

“அது சென ஓங்கில், புள்ள. அறுத்து விட்டதும் துள்ளிக்கிட்டுப் போச்சு.”

அவள் போனில் தேடினாள். “ஓங்கிலத்தான் இங்கிலீசுல டால்பின்ங்கிறாங்க. கருப்பையக் குறிக்கிற கிரேக்கச் சொல்லுலருந்து வந்த பேராம்.”

“அந்தக் காலத்து ஆளும் வயித்தப் பாத்துத்தான் பேரு வச்சிருக்கான்.”

“நீங்கதான் பாக்க மாட்டீங்க. போன தடவ உண்டானப்ப கொழந்தைக்குத் துடிப்பில்லன்னு சொன்னதுலருந்து ஸ்கேன் ரூம் பக்கமே வர்றதில்ல.”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருத்துவமனை நிறுத்தத்தில் அவள் எழுந்தாள். “இன்னைக்கும் டீக்கடையிலதான் நிப்பீங்களா?”

“பையக் குடு,” என்றார். “உள்ள வாரேன்.”