கூண்டு ஏத்துன ராத்திரி

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். தூத்துக்குடியில இருந்து விருதுநகருக்கு வாற ரோடு. சாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால... ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. ஒரு லைட்டு கெடையாது. மழை வேற.

எங்க மச்சானோட சேக்காளி கோட்டைச்சாமிதான் காரு ஓட்டுறாரு. பின்னால அவரு மொதலாளி காளிராஜ். தோணியில, அதான் பெரிய மரக்கப்பல்ல, மாலத்தீவுக்கு மொளகா வத்தல், பருப்பு அனுப்புற பெரிய ஏவாரி.

போன கார்த்திகையில அந்தத் தோணிதான் புயல்ல போச்சு. கோட்டைச்சாமி தம்பி பெத்தணன் அதுல என்ஜின் பாத்த பய. கரை கண்ணுல மறையுறதுக்கு முன்னாலயே மொதலாளிக்குப் போன் போட்டான்; இதே காரு ஸ்பீக்கர்ல கோட்டைச்சாமிக்கும் கேட்டுச்சு.

"மொதலாளி, புயல் எச்சரிக்கை குடுத்துட்டாக. ஹார்பர்ல கூண்டு ஏத்தியாச்சாம். திரும்பிரவா?"

காளிராஜ் என்ன சொன்னாரு தெரியுமா?

"ஆர்டர் போயிரும்லே. போ!"

போனவுக போனவுகதான். ஒரு பொணம் ஒதுங்கல. விசாரணையில, "எச்சரிக்கை வந்ததே எங்களுக்குத் தெரியாது"ன்னுட்டாரு. கோட்டைச்சாமி உள்ளதச் சொன்னாரு. டிரைவர் பேச்ச எவன் கேக்கான்? ஆத்தா வயித்துக்காகப் பல்லக் கடிச்சுக்கிட்டு அவருக்கே வண்டி ஓட்டுனாரு.

காரு வந்த இந்த ராத்திரியும் கடல்ல புயல். திடீர்னு காருக்குள்ள ஒரு நாத்தம்... ஈர வத்தல் ஊறி அழுகுனா வருமே, அது. போன் அடிச்சுது. யாரும் எடுக்கல. ஸ்பீக்கர் தானாப் பேசுது. காத்து... பலகை நெரியுற சத்தம்... அப்புறம் பெத்தணன் குரலு.

"மொதலாளி... திரும்பிரவா?"

காளிராஜ் ஸ்பீக்கரு பக்கம் குனிஞ்சாரு. ஒரு வார்த்தை... வாப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"வராத! அங்கனயே போ!"

கோட்டைச்சாமி பிரேக்க மிதிச்சாரு. "செத்தவன்கிட்டயுமா இதச் சொல்லுத? நீயெல்லாம் மனுசனா?" அம்புட்டு நாளு முழுங்குனது எல்லாம் சேந்து வந்துச்சு. "ஏலே பெத்தணா! அண்ணன் சொல்லுதேன். எல்லாரும் வாங்கலே, நம்ம வீட்டுக்கு!"

லைன் கட்டாயிருச்சு.

கார்ச் சாவியப் பிடுங்கிக் கருவேலங்காட்டுக்குள்ள வீசுனாரு. காளிராஜ் கத்திக் கூப்பிட்டாரு. இவரு திரும்பிப் பாக்கல. மழையோட நடந்தே சாத்தூர் வீட்டுக்கு வந்துட்டாரு.

கதவு தெறந்து கெடந்துச்சு. ஆத்தா சோலையம்மாள், அந்நேரத்துல, பெரிய பானையில உலை வச்சுக்கிட்டிருந்தா. மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"மெதுவாப் பேசுலே. தம்பி வந்துட்டான். கூட வேல பாத்தவுகளையும் கூட்டியாந்திருக்கான். ஈரத்தோட உள்ள இருக்காக..."

உள்ரூம்ல ஒரே இருட்டு. இருமல் சத்தம்... ஒரு ஆளு இருமல் இல்ல. அப்புறம் பெத்தணன் கேட்டான்.

"அண்ணே... மொதலாளிய எங்கன விட்டுட்டு வந்த?"