சாயிப்பு செலவில் ஒரு வோட்டுப் பள்ளிக்கூடம்

— நன்னி சொல்லவா வந்திருக்க? ஏட்டி பூங்கனி, ஒனக்குத் தலைக்குச் சொகமில்லியா? எலெக்சன்ல என்னக் கவுத்துப் போட்டுட்டு, கையில ஓலப்பெட்டியோட வாசல்ல வந்து நின்னு நன்னிங்க?

— கவுத்தோமோ நிமித்துனோமோ, சைபுதீன் மொதலாளி, நன்னி நன்னிதான். எங்கூட கயிறு திரிக்க பொம்பளைய அத்தன பேரும் சொல்லிவிட்டாளுவ, நீதான் வாயாடி, நீ போயி சொல்லிட்டு வான்னு. அப்பம் கொண்டாந்திருக்கேன். சூடு ஆறல்ல.

— என்ன அப்பம்?

— மண்டையப்பம்.

— அது தலைவலிக்கு நேந்து அவிக்கதுல்லா?

— ஆமா. மண்டைக்காட்டு அம்மைக்கு நேந்தேன். எலெக்சன் முடிஞ்சா ஒங்களுக்குத் தலைவலி வரும்னு தெரியும்லா. அது மாறணும்னு அவிச்சதாக்கும். பயப்படாண்டாம், ஒங்களுக்குள்ளது அம்மைக்குப் படச்சது இல்ல, தனியா எடுத்து வச்சது. நான் இனிதான் கோயிலுக்குப் போணும்.

— ரப்பே! தலைவலியத் தந்தவளே மருந்தும் கொண்டு வாறா. ஏ ஹமீதா, ஹமீதா பீவி! இஞ்ச வந்து இந்தக் கூத்தப் பாரு!

— கதவுக்குப் பின்னாலதான் நிக்கேன். எல்லாம் கேட்டாச்சு. வா பூங்கனி, உள்ள வந்து இரி. எங்க வீட்டுல அவியளுக்கு வோட்டு எண்ணுன நாள்லேருந்து சோறு எறங்கல்ல. நான் ஒண்ணும் சொல்லல்ல.

— எப்பிடி எறங்கும்? உச்சைக்கு முன்னால அந்த வெள்ளக்காரச் சாயிப்பு திருவனந்தபுரத்துலேருந்து காருல வாறான். வந்து எறங்குனதும் என்ன கேப்பான்? 'சைபுதீன், ஒன் ஊருல என் ஆளு எப்பிடித் தோத்தான்? ஏமாத்துனவ எவ எவ? பேரச் சொல்லு'ன்னு கேப்பான். சொல்லாட்டா அவன் தந்திருக்க கப்பல் ஏஜென்சி போச்சு. பெறவு இந்தக் குளச்சல்ல எனக்க கொப்பரைய எந்தக் கப்பல்ல ஏத்த? கடல்ல கொட்டவா?

— பேருதான வேணும்? எனக்க பேரச் சொல்லுங்க.

— சொன்னா என்ன ஆவும்னு தெரியுமாட்டி? நீங்க திரிக்க கயிற வாங்கிக் கப்பல் ஏத்துகதும் அவனுக்க ஆளுகதான். நாளைக்கே ஒரு கட்டு கயிறு எடுக்கமாட்டான்.

— தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்கேன்.

— இவளுக்க தைரியத்தப் பாரு! எங்கேருந்துட்டி வந்து இது?

— ஒங்க கொப்பரை ஷெட்டுலேருந்து.

— அத ஓர்மப்படுத்தாத, எனக்கு நெஞ்சு எரியுது. ஷெட்ட ஒழிச்சு, தூத்து, ஒரு வாரம் ஒங்களுக்கு வோட்டுப் பழக்கம் நடத்துனேன். சாயிப்புக்க பிஸ்கட் டின்னு மூணு. சாயிப்பு நிறுத்துன வக்கீலுக்குக் குடை, தோப்புக்காரரு கோலப்ப பிள்ளைக்க ஆளுக்குத் தராசு, அந்த வாத்தியாருக்கு ஏணி. படம் ஒட்டி வரிசையா வச்சேன். தின்னது அவனுக்க பிஸ்கட்டு, குடிச்சது அவனுக்க சாயா.

— பிஸ்கட்டு நமுத்துப் போயிருந்து, மொதலாளி. சாயா நல்லாருந்து.

— நல்லாருந்துல்லா? குடிச்சிட்டு ஏணிக்குப் போட்டிய! நன்னி கெட்ட சென்மங்க!

— நன்னி இருக்கப்போயிதான அப்பத்தோட நிக்கேன்! நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க. மொத நாளு நாங்க ஷெட்டுக்கு வந்தது ஓர்ம இருக்கா?

— இருக்காதா? திரைக்குப் பின்னால எல்லாரும் கூட்டமா, குளத்துக்குக் குளிக்கப் போற மாதிரி போனிய. செல்லத்தாய் டின்னுக்கு முன்னால விழுந்து கும்புட்டா. நான் தொண்ட கிழியக் கத்துனேன், ஒவ்வொருத்தியா, ஒத்தைக்கு ஒத்தைக்குப் போங்கட்டீன்னு.

— அதான். ஒத்தைக்கு. நீங்க சொன்னது எங்களுக்கு மனசிலாகவே இல்ல. நாங்க எங்க, மொதலாளி, ஒத்தைக்கு நின்னோம்? வீட்டுல மாமியா, தோப்புல கங்காணி, கோயிலுக்குப் போனா கூட நாலு பேரு. பிள்ள பெறும்போகூட சுத்தி ஆளு. அன்னைக்கு அந்தத் திரைக்குப் பின்னால போயி நின்னேன். ஒருத்தன் கண்ணும் எம்மேல இல்ல. கையில ஒரு துண்டுச் சீட்டு, அத என்ன செய்யணும்னு நான்தான் நெனைக்கணும். எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.

— பிஸ்கட் டின்னப் பாத்தா?

— ஆமா, பிஸ்கட் டின்னப் பாத்துதான். சிரியுங்க.

— நான் சிரிக்கமாட்டேன், பூங்கனி. அந்தத் திரை எனக்க நீலச் சீலையாக்கும், எங்க வாப்பா கொழும்புலேருந்து கொண்டாந்தது. நீங்க எல்லாரும் போன பெறவு நானும் ஒருக்கா உள்ள போயி நின்னேன். சும்மா. கொஞ்ச நேரம்.

— நீ எப்பம் ஹமீதா போன? நான் பாக்கல்லியே!

— நீங்க மிச்ச பிஸ்கட்ட எண்ணிக்கிட்டு இருந்திய.

— சவம்! சரி, இவ ஒருத்தி போதாதுன்னு நீ வேற. ஏட்டி பூங்கனி, ஆம்பிளைய எல்லாவனும் கோலப்ப பிள்ளைக்குப் பயந்து தராசுக்குப் போவான்னு எனக்குத் தெரியும். அதுனாலதான் பொம்பளைகளப் புடிச்சேன். ஒங்களுக்கும் அந்தப் பயம் இருந்து. அவரு தோப்பு ஓரத்துல குடிலு கெட்டி இருக்கவிய, தராசுக்குப் போடாட்டா எறக்கி விட்டுருவாருன்னு நடுங்குனிய.

— நடுங்குனோம். அப்பம் நீங்க என்ன சொன்னிய?

— என்ன சொன்னேன்? உள்ளதச் சொன்னேன். திரைக்குப் பின்னால பிள்ளைவாளும் பாக்கமாட்டாரு, போலீசும் பாக்கமாட்டான், புருசனும் பாக்கமாட்டான். வெளிய வந்த பெறவு ஒருத்தரும் ஒருத்தர்கிட்டயும் கேக்கப்படாது. அது சட்டம். சாயிப்பு அப்பிடித்தான் சொல்லிக்குடுக்கச் சொன்னான்.

— அதக் கேட்டுட்டு நாங்க வீட்டுக்குப் போற வழியில பேசிக்கிட்டு போனோம். பிள்ளைவாள் பாக்கமாட்டாருன்னா, நம்ம சைபுதீன் மொதலாளியும் பாக்கமாட்டாருல்லா? சாயிப்பும் பாக்கமாட்டான்லா?

— ரப்பே! அது எனக்குத் தோணாமப் போச்சே!

— எங்களுக்குத் தோணிச்சு.

— நில்லுட்டி, நில்லு. தெனமும் சாயங்காலம் டின்னக் கவுத்து நானே எண்ணுவேன். குடை ரொம்பி வழியும். தராசுல இல்ல, ஏணியில இல்ல. ஒரு சீட்டு மாறி விழல்லியே!

— பழக்கத்துல எண்ணுனது நீங்கல்லா? நெசத்துல எண்ணுனது சர்க்காரு.

— சிரிக்கியா ஹமீதா? கதவுக்குப் பின்னால நின்னு சிரிக்கியா?

— நான் ஒண்ணும் சொல்லல்ல.

— இப்பம்தான் எனக்குச் சம்சயம் வருது. நீ எதுக்குப் போட்ட? நீயும் ஏணிக்கா?

— வெளிய வந்த பெறவு புருசன்கூட கேக்கப்படாது. ஒரு பெரிய மனுசன் ஷெட்டுல வச்சுப் படிச்சுக் குடுத்தாரு.

— அல்லாவே, எனக்க வீட்டுக்குள்ளயும் சட்டம் வந்துட்டு!

— எங்க வீட்டுலயும் வந்துட்டு, மொதலாளி. எங்க வீட்டுக்காரரு பகவதியப்பன் கேட்டாரு, எந்தப் பெட்டியில போட்டன்னு. கேக்கப்படாதுன்னேன். ஒரு நேரம் சாப்பிடாம கெடந்தாரு. மறுநேரம் தானே வந்து தட்ட எடுத்துட்டு இருந்தாரு. இப்பம் சிலப்போ எங்கிட்ட யோசனையும் கேக்காரு.

— பகவதியப்பனா! மீசைய முறுக்கிட்டுத் திரிவானே!

— மீச இப்பவும் இருக்கு. இன்னொண்ணும் சொல்லணும். வோட்டு அன்னைக்கு நாங்க பூத்துக்குள்ள போன ஒழுங்கப் பாத்துட்டு அந்த ஆபீசரு அசந்து போனாரு. ஒத்தைக்கு ஒத்தைக்குப் போறோம், சீட்ட மடக்குதோம், போடுதோம், சத்தமில்லாம வெளிய வாறோம். ஒருத்தி கும்புடல்ல. அவரு கேட்டாரு, 'அம்மா, நீங்கல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?'ன்னு. சைபுதீன் மொதலாளிக்க கொப்பரை ஷெட்டுலன்னு சொன்னேன்.

— அப்பிடியா சொன்ன?

— பின்ன? உள்ளதுதான?

— ம். சரி... அவரு என்ன சொன்னாரு?

— 'அவரு நல்ல மனுசனா இருக்கணும்'னாரு.

— பாத்தியா பூங்கனி, அவியளுக்க முகம் இப்பம்தான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. இந்தா, ரெண்டு பேரும் சாயா குடியுங்க. இது நம்ம சாயா, சாயிப்புக்குள்ளது இல்ல.

— எனக்க முகத்துக்கு என்ன ஹமீதா?

— நான் ஒண்ணும் சொல்லல்ல.

— வெளையாடாத. ஏட்டி பூங்கனி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த ஏணி வாத்தியாரு ஒனக்கு என்ன தந்தான்? ஒரு சாயா வாங்கித் தந்தானா?

— ஒண்ணும் தரல்ல. கடப்பொறத்துல எங்ககூட குத்த வச்சு இருந்து, ஒரு பிடி கறுப்பு மண்ண அள்ளிக் காட்டுனாரு. இதுல குண்டு செய்யுத சாமானம் இருக்கு, அதுக்குத்தான் இந்தச் சாயிப்பு மாதிரி வெளிநாட்டுக்காரன் நாக்கத் தொங்கப் போட்டுட்டு வாறான், நம்ம சர்க்காரு குடுக்கமாட்டேன்னு தடுத்து வச்சிருக்கு, குடைக்காரன் டில்லிக்குப் போனா அந்தத் தடைய எடுக்கத்தான் வாயத் தொறப்பான்னு சொன்னாரு.

— அதெல்லாம் எலெக்சன் பேச்சு.

— மண்ணெடுக்க எடத்த அளந்து, சாயிப்புக்க ஆளுக மரக்குத்தி அடிச்சு வச்சிருக்காவளே, அதும் பேச்சா? எனக்க குடிலுக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்துல ஒரு குத்தி. செவத்த துணி கெட்டி. சோறு பொங்கும்போ அதத் தாண்டித்தான் வெறகு தள்ளுதேன். அது அப்பிடியே கடலோரமா வரிசையாப் போயி, ஒங்க பள்ளிவாசல் மதிலத் தாண்டி, கபர் கெடக்க எடம் வரைக்கும் போயிருக்கு. ஒங்க உம்மாவ அடக்குன மூலையில, புன்ன மரத்துக்குக் கீழகூட ஒண்ணு நிக்கு.

— அத இப்பம் எதுக்குட்டி இழுக்க?

— நீங்க பாக்கல்லியோன்னு நெனச்சேன்.

— பாக்காம இருப்பனா? வெள்ளிக்கெழம தோறும் உம்மாக்க கபருக்குப் போறவன் நான். போதும். அந்தப் பேச்ச விடு.

— விட்டுட்டேன். இனி வந்த காரியத்தச் சொல்லுதேன். சொதந்திரம் வந்து அஞ்சு வருசம் ஆவப்போவுதாம். கொடி ஏத்துனாவ, முட்டாய் குடுத்தாவ. எங்களுக்கு அது வந்ததே தெரியல்ல, மொதலாளி. விரல்ல மையோட வெளிய வந்து வெயில்ல நின்னப்பதான், இது நம்ம நாடாக்கும்னு மொதல்ல தோணிச்சு. நீங்க பழக்கல்லேன்னா நாங்க பூத்துப் பக்கம் போயிருக்கமாட்டோம். போயிருந்தாலும் புருசன் காட்டுன பெட்டியில போட்டுட்டு வந்திருப்போம். நீங்க எதுக்காகச் செஞ்சியளோ, எங்களுக்குக் கெடச்சது இதாக்கும். மனசு நெறஞ்சு சொல்லுதேன், நீங்களும் ஒங்க வீடும் நல்லாருக்கணும்.

— எனக்க ஆளத் தோக்கடிச்சுட்டு எனக்கே வாழ்த்தாட்டி? இதுக்குப் பதிலுக்கு நான் என்னத்தத் தர?

— ஒண்ணும் தராண்டாம். அப்பத்த வாங்கிக்கிட்டா போதும்.

— பூங்கனி, அப்பிடிப் பாத்தா சாயிப்புக்கும் நன்னி சொல்லணும்லா? டின்னு அவனுக்குள்ளது.

— சொல்லாண்டாமா? அவனுக்கும் ஒண்ணு கூடுதலா அவிச்சிருக்கேன், அக்கா. அவனுக்கும் தலைவலி இருக்கும்லா.

— ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க. ஹாரன் சத்தம். பாலத்துக்கிட்ட வந்துட்டான். ஏட்டி, நீ எழும்பு, அடுக்களை வழியா பொறத்த போ.

— போவமாட்டேன். நான்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன், நான் முன்னால நிக்கேன். பேரச் சொல்லி ஒங்க ஏஜென்சியக் காப்பாத்துங்க. நாங்க கயிற வேற எஞ்சயாவது வித்துக்கிடுவோம்.

— நீ ஒரு மண்ணும் நிக்காண்டாம். பேரு நான் சொல்லமாட்டேன்.

— சொல்லாட்டா ஒங்களச் சும்மா விடுவானா?

— விட்டா விடுதான், விடாட்டா போறான். நான் உள்ளதச் சொல்லுவேன். 'சாயிப்பே, எண்ணும்போ ஒங்க ஆளும்தான் கிட்ட நின்னான். எங்க பூத்து குடைப்பெட்டியத் தொறந்தா உள்ள ஒரு சீட்டு இல்ல. நாலு சீட்டு விழுந்திருந்தா, இவ போட்டவ, அவ ஏமாத்துனவன்னு பிரிச்சுச் சொல்லலாம். ஒண்ணுகூட விழாத ஊருல நான் எவ பேரச் சொல்ல?' இதச் சொல்லுவேன்.

— ஒண்ணுகூடவா விழல்ல, மொதலாளி?

— ஒண்ணுகூட இல்ல. வெறும் பெட்டி. அல்லா மேல சத்தியம்.

— இஞ்ச பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல்ல. ஆனா நீங்களும் அதே பூத்துலதான போட்டிய?

— பூங்கனி, அந்த அப்பத்த இஞ்ச எடு. ஹமீதா, வெளிய வந்த பெறவு பொஞ்சாதிகூட கேக்கப்படாது. படிச்சுக் குடுத்தது நானாக்கும்.