கணவாய்க்குப் பன்மை திருத்திய செலஸ்டின் அண்ணனுக்கு

பாறசாலை சந்திரகாந்தம் அச்சகத்தின் கண்ணே, காகிதத்தின் காவலரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தும் மெய் சோராது இன்று ஓய்வு பெறும் செலஸ்டின் அண்ணனே, வணக்கம்!

குருமடத்தில் மூன்றாண்டு கற்ற லத்தீனைக் கொண்டு, டேட்டம் ஒன்றானால் டேட்டா பல, பாக்டீரியம் ஒன்றானால் பாக்டீரியா பல என்று, ஆய்வேடு அச்சிட வந்தவர்களையெல்லாம் முழிக்க வைத்த மூதறிஞரே! உங்கள் பச்சை மைக் கையெழுத்தாகிய ஒப்பு விழுந்த பக்கத்தை அதற்குமேல் ஒருவரும் வாசிப்பதில்லை என்பது இங்கே எழுதாச் சட்டம். அந்த ஒப்புக்கு அஞ்சினோம். உண்மையைச் சொன்னால், உங்களுக்கும் அஞ்சினோம். அந்த அச்சம் அகன்ற கதையை அவைக்குச் சொல்லிவிடுகிறோம், பொறுத்தருள்க!

குளத்தூர்க் கடற்கரைப் பிள்ளை டெல்னா, ஆக்டோபஸ் என்னும் பேய்க்கணவாயைப் பற்றி ஆய்வேடு எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் ஐந்தாண்டு உழைப்பும் வீண். அவள் ‘ஆக்டோபஸஸ்’ என்று எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தையும் அண்ணன் ‘ஆக்டோபை’ என்று திருத்தி ஒப்பிட்டார். ஐந்து பிரதியும் அட்டை கட்டி அவள் வீடு போய்ச் சேர்ந்தன.

வியாழன் காலை ஏதோ உறுத்த, அகராதியைப் புரட்டினார். அது கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த சொல்; லத்தீன் பன்மை அதற்கு ஒட்டாது. பிள்ளை எழுதியதே சரி! சொன்னால் அவளுக்கு நாள் தவறலாம். சொல்லாவிட்டால் அவள் பெயரில் இவர் பிழை. அண்ணன் பஸ் ஏறினார்.

"மக்கா, நீ எழுதினதுதான் சரி. நான் கெடுத்துப்போட்டேன். புக்கைத் தா, நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள சரியாக்கித் தாறேன்."

டெல்னாவின் முகம் வெளிறியது. "மாமா, நாளைக்காக்கும் கடைசி நாளு!"

மீன் அரிந்துகொண்டிருந்த அவள் தாய் அல்போன்சம்மா நிமிர்ந்தாள். "ஒண்ணு கிட்டினாலும் கணவா, வலை நெறைய கிட்டினாலும் கணவா. இதுக்கா அண்ணோ இப்பிடி நடுங்குதீரு? கொண்டு போவும். நேரத்துக்கு வரல்லேண்ணா உம்மையும் சேத்து அரிஞ்சிடுவேன்."

அண்ணன் பிரதிகளோடு அச்சகம் திரும்பியதும் கணினியில் இருந்த லேகாவிடம் சொன்னார்: "என் ஒப்பை நம்பாண்டாம். நீ ஒருக்க வாசி."

லேகா வாசித்தாள்; அஜீஷ் அச்சடித்தான்; விஜயதாஸ் அட்டை கட்டினார். வெள்ளி ஒன்றே முக்காலுக்கு டெல்னா கையில் ஐந்து பிரதியும் இருந்தன. மூன்று நாற்பதுக்கு ஃபோன் வந்தது.

"மாமா, வாங்கிட்டாவ!"

அண்ணன் காகிதக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். முப்பத்து நான்கு ஆண்டில் அவர் சிரித்து அன்றுதான் கேட்டோம்.

மறுநாள் அஜீஷ், எந்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த கோணல் அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "அண்ணே, நான் வெட்டிக் கெடுத்தது."

"எத்தர நாளாச்சு?"

"மூணு மாசம்."

"மூணு மாசமும் மூச்சு விட்டியாலே?"

"இல்லண்ணே."

"இப்ப விடு."

அன்று அஜீஷோடு நாங்கள் எல்லோரும் விட்டோம், அண்ணனே! நீங்களும் இனி நிம்மதியாக மூச்சு விடுங்கள். பேனாவைத் தேடாமல் பத்திரிகை படித்து, முழங்கால் வலியின்றி மூன்று வேளையும் ருசித்துண்டு, அண்ணியோடு நெடுநாள் இனிதே வாழ்க!

பேரன்புடன்,
சந்திரகாந்தம் அச்சகப் பணியாளர்கள்,
பாறசாலை