திருப்பாத மணிக்கூடு

— கிளின்ரன், கதையை மாத்தாதேங்கோ. இந்தக் கட்டத்துக்குள்ளை காரணம் எழுதிக் கையெழுத்து வைச்சாத்தான் நான் பைலை மூடலாம்.

— அதுதான் சொல்லிப்போட்டனே, சயந்தினி. லொறியிலை வேலை நேரம் பதியிற டக்கோ மெசினுக்குக் கோடை நேரம் தெரியாது. எட்டு மணிக்குக் கார்டைப் போட்டால் ஏழு எண்டுதான் பதியும்.

— யூலையிலை அது சரி. இது நவம்பர். குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி மூண்டு கிழமை. இப்ப மெசின் ஏழு எண்டால் வெம்பிளி முழுக்க ஏழுதான்.

— ஓ.

— ஓ இல்லை. இரவு எட்டரைக்கு முடிச்சு, காலமை ஏழுக்குக் கார்டைப் போடுறியள். பத்தரை மணித்தியாலம்தான் ஓய்வு. சட்டப்படி பதினொண்டு வேணும். கிழமைக்கு மூண்டு தரம் குறையலாம், நீங்கள் நாலு தரம். எட்டு மணி வேலைக்கு ஏழுக்கு வந்து என்ன செய்யிறியள்?

— லொறியைச் சுத்திப் பாப்பன். டயர், லைட்...

— அதுக்குப் பத்து நிமிசம். மிச்சம்?

— குளிர்தானே. உள்ளுக்கை வந்து இருப்பன்.

— அதை அப்பிடியே எழுதட்டோ? நல்ல காரணம் இல்லாட்டில் திங்கள் தொடக்கம் உங்களைப் பின்னேர ஷிப்டுக்குப் போடச் சொல்லிப்போட்டார் மனேச்சர்.

— அம்பலவாணன் அண்ணையோ? ஐயோ, பின்னேரம் ஏலாது!

— ஏன், காலமை நல்லா நித்திரை கொள்ளலாமே.

— சரி, உள்ளதைச் சொல்லுறன். நேரம் மாறின முதல் திங்கள் குசினி மணிக்கூட்டைத் திருப்ப மறந்துபோனன். விழுந்தடிச்சு ஓடி வந்தால் ஏழு மணி. லொறி யாட்டிலை ஒரு குருவியும் இல்லை. ஒபிசிலை மட்டும் லைட். நீங்கள் தேத்தண்ணி போட்டுத் தந்தனீங்கள்.

— அது ஒருநாள். மற்றப் பதினாலு நாளும்?

— மணிக்கூடு இன்னும் அப்பிடியேதான் கிடக்கு.

— போன் இல்லையோ உங்களிட்டை?

— இருக்கு.

— பிறகென்ன?

— தெரிஞ்சுதான் திருப்பேல்லை.

— ம். ஒக்டோபர் வரைக்கும் "தங்கச்சி, லொறித் திறப்பைத் தாங்கோ" எண்டு கேட்டனீங்கள். அந்தத் தங்கச்சி எங்கை போனவ?

— அதையும் கவனிச்சனீங்களோ?

— ரெய்னர்ஸ் லேன் கடையிலையிருந்து ஒவ்வொரு நாளும் மீன் ரோல்ஸ் கொண்டுவாறியள். வெள்ளி மட்டும் மரக்கறி. உங்களைப்போல சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் வெள்ளியிலை மீன் தின்னுறவையெல்லோ?

— நீங்கள் வெள்ளியிலை மச்சம் தொடமாட்டியளே. இண்டைக்கும் மரக்கறிதான். பையிலை கிடந்து ஆறுது.

— முதல்ல காரணத்தைச் சொல்லுங்கோ.

— எழுதுங்கோ. சயந்தினியின்ரை தேத்தண்ணி.

— விசரே! அண்ணை வாசிப்பார்!

— வாசிக்கட்டும். பின்னேரத்துக்கு மாத்தினால் அது எனக்கு இல்லாமல் போயிடும் எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ.

— இஞ்சை தாங்கோ பேனையை. "மணிக்கூடு திருப்பேல்லை. இனி எட்டுக்கு முன்னம் கார்ட் போடமாட்டன்." இது போதும். அண்ணையே நேரம் மாறின அந்த ஞாயிறு ஒரு மணித்தியாலம் முந்திப் போய், வெஸ்ட் ஈலிங் கோயில் வாசல்லை குடும்பத்தோடை விறைச்சுக்கொண்டு நிண்டவர். வாசிச்சுச் சிரிச்சுப்போட்டு விட்டுடுவார். வையுங்கோ கையெழுத்தை.

— அப்ப இனி நான் எட்டுக்கோ வரவேணும்?

— எட்டு கார்டுக்குத்தான், உங்களுக்கு இல்லை. லொறியைத் தொடாமல், கார்டைப் போடாமல் இதிலை இருந்து ரோல்ஸ் தின்னுறது சட்டப்படி ஓய்வுதான்.

— உங்கடை வேலைக்கு இடைஞ்சல் இல்லையோ? நீங்கள் ஏழுக்கே துவங்கிற ஆள்.

— ஆர் சொன்னது? என்ரை ஷிப்டும் எட்டுக்குத்தான். அந்தத் திங்கள் நானும் மணிக்கூட்டைத் திருப்ப மறந்துதான் வந்தனான். இன்னும் திருப்பேல்லை.