செவப்பு நெத்திக் கணக்கு

அய்யோ, டாக்டரெல்லாம் இல்லண்ணே. கழுத்துல அட்டை தொங்குதேன்னு கேக்கிறீங்களா? நான் சுகாதார ஆபீஸ்ல கணக்குப் போடுறவன். வரவு செலவு இல்ல, நோய்க் கணக்கு. எங்க பரவும், எத்தனைக்கு ஊசி போட்டா நிக்கும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்றது. சிரிங்க, சிரிங்க. ஜோசியக்காரனக் கட்டிக்கிட்டேன்னு எங்க வீட்டுலயும் இப்படித்தான் சிரிப்பா.

தெருநாய் அத்தனையும் புடிச்சு வெறிநோய் ஊசி போட முடியுமா? நூத்துக்கு எழுவது நாய்க்குப் போட்டாலே போதும். தாவ வழியில்லாம நோய் அடங்கிரும். இது உலகத்துக்கே தெரிஞ்ச கணக்கு. சொதப்புனது மட்டும்தான் என் சொந்தச் சரக்கு.

போன திஹார் தீவாளிக்கு மொத நாள் வார்டு பூரா முகாம் போட்டோம். ஊசி போட்ட நாய்க்கு நெத்தியில செவப்புச் சாயம். அப்புறம் தெருத்தெருவாப் போயி, கண்ணுல படுற நாயில எத்தன செவப்புன்னு எண்ணணும். என்னிக்கு எண்ணறது? இங்கதான் என் மூளை வேல செஞ்சுச்சு. திஹார்ல நாயக் கும்பிடுற நாய்ப் பூசை அன்னிக்கே எண்ணிருவோம், அன்னிக்குத்தான் எந்த நாயும் ஓடாது, வாசலுக்கு வாசல் செல் ரொட்டிப் பலகாரம் தின்னுக்கிட்டு நிக்கும்னேன்.

ஆமாண்ணே. நீங்க இப்பத் தலையில அடிச்சுக்கிட்டீங்க பாருங்க, அது எனக்கு அன்னிக்குத் தோணல. பூசைன்னு வீட்டுக்கு வீடு வச்சுவிட்டதுல ஊருல இருக்கிற நாயெல்லாம் நெத்தி நெறைய செவப்புப் பொட்டு! மாலையா? மாலையும்தான் போட்டிருந்துச்சு. அழகா இருக்கேன்னு போட்டோ வேற எடுத்தேன். பொறந்ததுலருந்து பாக்குற பொட்டுண்ணே, சாயமா பொட்டான்னு கண்ணு பிரிச்சே பாக்கல.

நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! இனி நோயே வராதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிருச்சு. வார்டு தலைவர் எனக்குப் பட்டுத்துண்டு போத்தினாரு. ரெண்டாவது முகாம் எதுக்குன்னு நிறுத்திட்டாங்க. அந்த மிச்ச ரெண்டு நாய் பூசை பண்ணாத வீட்டு நாயா இருக்கும்.

எப்பத் தெரிஞ்சுதா? இன்னிக்குக் காலையில, இங்கதான். கடிச்ச நாய்க்கு ஊசி போட்டிருக்கான்னு நர்ஸம்மா கேட்டாங்க. போட்டிருக்கும்மா, நெத்தியில செவப்பு, நானே எண்ணினேன்னு ஆரம்பிச்சேன். சொல்லும்போதே புரிஞ்சுபோச்சு. கடிச்சது எங்க வீட்டு நாய் பூரே. முகாம் அன்னிக்கு நான் ஊர் நாயெல்லாம் தொரத்திக்கிட்டிருந்தேன். வீட்டு நாய எம் பொண்டாட்டி கூட்டிட்டுப் போயிருப்பான்னு நான் நெனச்சேன், நான் போட்டிருப்பேன்னு இவ நெனச்சா. அந்தச் செவப்பு என் கையால வச்ச பொட்டு.

கட்டிப் போட்டிருக்கு. நேத்துலருந்து எச்சி ஒழுகுது, தண்ணிய மோந்துகூடப் பாக்கல. தலைவருக்குப் போன் பண்ணிட்டேன், திரும்ப முகாம் வைங்க, பட்டுத்துண்டத் திருப்பித் தந்துர்றேன்னு. அவரு இன்னும் வெளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.

எனக்கா? என்னைக் கடிக்கலண்ணே. கையப் பாருங்க, ஒரு கீறல் இல்ல. உள்ள அழுற சத்தம் கேக்குதில்ல? அது என் பொண்ணு ஓஜஸ்வி. காயத்தச் சுத்தி ஊசி போடுறாங்க, என்னால பக்கத்துல நிக்க முடியலன்னுதான் வெளிய வந்து ஒங்ககிட்டப் பேசிக்கிட்டிருக்கேன். அன்னிக்கு அவதான் பூரே தலைய ஆடாமப் புடிச்சுக்கிட்டு, நல்லாப் பெருசா வைங்கப்பான்னா.