ரெண்டு நீட்டு, ஒரு குட்டை

சர்க்கரைதானே? இருக்கு, தர்றேன். அதுக்காக வாசப்படியிலயே நிக்கணுமா? உள்ள வா ருசெனாக்கா. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடுது. எங்க வீட்டுக்காரரு ஆணி அடிக்கிறேன் அடிக்கிறேன்னு கிறிஸ்மஸ்லருந்து சொல்லிட்டிருக்காரு. இதுல உக்காரு. வென்சல் மாமா டவுனுலருந்து எப்பத் திரும்புவாராம்? நாலு மணிக்கா? இப்ப ரெண்டரை. அப்ப நேரம் இருக்கு.

எதுவா? ஓ, அதுவா. ஃபோன் மணிக்குள்ள துணி அடைச்சிருக்கேன். துணிகூட இல்ல, அவரோட பழைய காலுறை. ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல, சத்தம் தாங்கலக்கா. நம்ம ரோட்டுல எட்டு வீட்டுக்கும் ஒரே கம்பியப் போட்டுட்டு, டீச்சரம்மாவுக்கு வந்தாலும் இங்க அடிக்குது, உனக்கு வந்தாலும் இங்க அடிக்குது. திங்கக்கிழமையிலருந்து அது அடிக்காதப்பவும் எனக்கு அடிக்குது. தண்ணி கொதிச்சா அடிக்குது, கோழிக்குஞ்சு கத்துனா அடிக்குது. ரெண்டு நீட்டு, ஒரு குட்டை. ஆமா, உன் வீட்டு மணிதான். எனக்கு மூணு குட்டை, அது கேக்க மாட்டேங்குது. சிரிக்காதக்கா. பாதி மாவு பிசையுறப்ப கைய அப்படியே போட்டுட்டு எழுந்து போய் நிக்கிறேன் அதுக்கு முன்னால.

இரு, காப்பி போடுறேன். வேணாம்னு சொல்லாத. நேத்துக் கொதிச்ச தூளத் திரும்பக் கொதிக்க வச்சது இல்ல, சத்தியமா புதுசு. பார்லி வறுத்துக் கொஞ்சம் கலந்திருக்கேன், பொய் எதுக்கு. அஞ்சு வாரத்துக்கு ஆளுக்கு ஒரு பவுண்டுன்னா எவளால சமாளிக்க முடியும்? ஆனா டவுனுக்காரிங்களப் பாத்தா நாம ராணிங்கதான். எங்க நாத்தனா ஒமாஹாவுலருந்து எழுதியிருக்கா, வெண்ணெய் கண்ணுல படுறதே இல்லியாம். வெள்ள வெளேர்னு ஒரு கொழுப்பக் குடுத்து, மஞ்சச் சாயப் பொடியத் தனியாக் குடுத்து, நீயே பிசைஞ்சு வெண்ணெய்னு நெனச்சுக்கோங்கிறானாம் கடைக்காரன். முட்டைக்கு டஜனுக்கு நாப்பத்தஞ்சு சென்ட் குடுக்குறாளாம். நமக்கு டவுனுல எவ்வளவு தர்றான்? அதக் கேட்டா சண்டைக்கு வர்றான்.

வறுத்த கொழுப்பு டப்பாவக் கசாப்புக் கடையில குடுத்துட்டியா? நான் போன வாரம் ஒரு டப்பா குடுத்தேன், ஈஸ்டருக்கு முன்னாடியே வாத்து ஒண்ணு அடிச்சோம்ல, அந்தக் கொழுப்பு. அதுல வெடிமருந்து பண்றாங்களாம். மூணு வருஷம் முன்னாடி அதுல நான் மாவு உருண்ட பொரிச்சிருப்பேன். இப்ப அது எந்த ஊர்ல யாரு தலையில போய் வெடிக்கப் போகுதோன்னு நெனச்சுக்கிட்டே டப்பாவ மூடுறேன். முன்னெல்லாம் எனக்கு இப்படி நெனப்பே வராதுக்கா.

இல்ல, நல்லாத்தான் இருக்கேன். தூக்கம் சரியில்ல, அவ்வளவுதான்.

எவ்வளவு வேணும் சர்க்கரை, ரெண்டு கப்பா? இந்தா, ஜாடியோட எடுத்துக்கோ. நான் கூப்பன் பாத்துக்கிறேன். பட்டாளத்துல இருக்குற உன் எமிலுக்கு மிட்டாய் செஞ்சு அனுப்பத்தானே, தெரியும். கடுதாசியில கேட்டிருந்தான்ல. எடுத்துக்கோ, ஆனா இன்னிக்கு அடுப்புல வைக்காத. ஏன்னா... வைக்காத, அவ்வளவுதான். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. அதச் சொல்லிட்டு அப்புறம் உன் இஷ்டம். இரு, பால் பொங்குது.

ரேடியோ வேணாம். ஆமா, அந்த நர்ஸு கதை வர்ற நேரம்தான், வரட்டும். ஆறு வாரமா தன் பேரு என்னன்னே தெரியாமப் படுத்திருக்கா. கதைக்குக் காசு குடுக்குற சோப்புக் கம்பெனிக்காரன் அவள எழுந்திரிக்க விடவா போறான்? கதை பரவால்லக்கா, நடுவுல சேதி சொல்றவன் வந்துடுறான், அதான் பிடிக்கல. துனிசியாவுல நம்ம ஆளுங்க முன்னேறுறாங்க, நம்ம பக்கம் சேதம் கொஞ்சம்தான்னு என்னமோ ஆலங்கட்டி மழையில சோளம் போன மாதிரி சொல்றான். கொஞ்சம்னா யாரு வீட்டுலடா கொஞ்சம்னு கேக்கணும் போல இருக்கு.

நேத்து சினிமாவுக்கு நான் வந்திருக்கவே கூடாது. நீ வாசல்ல லாரிய நிறுத்தி ஹாரன் அடிச்சுட்ட, எட்டு பேரு ஒரே வண்டியில, பெட்ரோல் மிச்சம்னு வேற சொன்ன. எப்படி வரலைன்னு சொல்றது? படம் என்ன படம்னு கேட்டா எனக்குத் தெரியாது. அதுல யாரோ ஆடுனாங்க, யுத்தச் செலவுக்குப் பாண்டுப் பத்திரம் வாங்குங்கன்னு ஒருத்தி பாடுனா. முதல்ல செய்திப் படம் போட்டான் பாரு, பாலைவனம், தூசி, பட்டாளம் நடந்து போகுது. நீ எழுந்தே நின்னுட்டியேக்கா. அதோ அந்தக் கடைசி ஆளு, அது எமிலு நடை, எமிலு நடைன்னு. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. பின்னாடி இருந்தவன் உக்காருங்கம்மான்னு கத்துனான், நீ அவனயும் சிரிக்க வச்சுட்ட. என் கைய எடுத்து நெஞ்சுல வச்சு, பாருடி எப்படி அடிக்குதுன்னு காட்டுன. நான் பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அவன் இல்லன்னு சொல்லவும் முடியல, ஆமான்னு சொல்லவும் முடியல. ஆமா, அழுதேன். நீ கேட்டப்ப படத்துக்காகன்னு சொன்னேன். அந்தப் படத்துல அழ என்ன இருக்கு?

இரு இரு, எழுந்திரிக்காத. காப்பியக் குடி. மாமா ரேஷன் ஆபீஸுக்குத்தானே போயிருக்காரு, டயருக்குப் பட்டை ஒட்ட பர்மிட்டு வாங்க? எதிர்லதான் ரயில்வே ஸ்டேஷன். அங்க இருக்கறவரப் பாக்காம வர மாட்டாரு, யாரு கூப்பிட்டாலும் நின்னு பேசுற மனுஷன். அதனாலதான் மணியப் பாத்துட்டே இருக்கேன். அவரு மட்டும் இன்னிக்கு டவுனுக்குப் போகலைன்னா, உன்கிட்ட இன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டேன். என்னைப் பத்தி நல்லதா எதுவும் நெனச்சுடாதக்கா.

நான் ஃபோன எடுத்து ஒட்டுக்கேட்ட விஷயம் ஞாபகம் இருக்கா? மூணு வாரம் இருக்கும். நீ உன் தங்கச்சியோட பேசிட்டிருந்த. நடுவுல பேச்ச நிறுத்தி, லைன்ல கோழிக்குஞ்சு கத்துது, யாரு வீட்டு அடுப்பங்கரையோ தெரியலன்ன. ஞாயித்துக்கிழமை சர்ச்சு வாசல்ல அதயே சொல்லிச் சொல்லிச் சிரிச்ச. இந்தக் குளிருல தபால்ல நூறு குஞ்சு வரவழைச்சு, ஃபோனுக்குக் கீழயே பெட்டியில வச்சிருக்கறவ இந்த ரோட்டுல நான் ஒருத்திதான். அத்தனை பேரும் என்னையே பாத்தாங்க. எங்க வீட்டுக்காரரு தொப்பிய எடுத்துப் போட்டுக்கிட்டு வண்டிக்குப் போய்ட்டாரு. கோவமா? கோவம் இல்லக்கா, கேட்டது கேட்டதுதானே. எல்லாரும்தான் கேக்குறாங்க, நான் மாட்டிக்கிட்டேன். அன்னிக்கே மாதா மேல சத்தியம் பண்ணுனேன், இனிமே இன்னொருத்தர் மணிக்கு கைய வைக்க மாட்டேன்னு. மாமியார் செத்த மாதிரி முக்காட்டப் போட்டுக்கிட்டு மூணு வாரம் இருந்தேன். நீ உன் தங்கச்சிகிட்ட என்ன பேசுனன்னு எனக்கு இன்னும் தெரியாது, நம்பு.

திங்கக்கிழமை மத்தியானம் நீங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துல பாண்டு விக்கிற கூட்டத்துக்குப் போய்ட்டீங்க. நீ கசகசா ரொட்டி சுட்டுக் கொண்டுபோன, அத ஏலத்துல பதினெட்டு டாலர் பாண்டுக்கு எடுத்தாங்கன்னு அப்புறம் சொன்ன. நான் போகல. அடுப்பு அணைஞ்சா குஞ்சுங்க செத்துடும். இந்த ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல அன்னிக்கு. அப்பத்தான் உன் மணி அடிச்சுது. அடிச்சு நின்னுது. மறுபடி அடிச்சுது. நான் இங்க, இந்த மேசையில, சட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு, எடுக்க மாட்டேன் எடுக்க மாட்டேன்னு உக்காந்திருந்தேன். மூணாந்தரம் அடிக்கிறப்ப, யாருக்காச்சும் உடம்புக்கு முடியலையோ, உன் தங்கச்சிக்குப் பிரசவமோன்னு தோணுச்சு. எடுத்துட்டேன்.

ஸ்டேஷன்ல இருக்குற தந்தி ஆபீஸு. பழைய ஆளு கப்பல் படைக்குப் போய்ட்டாருல்ல, எங்கயோ ரிட்டயராகி இருந்த ஒரு பெரியவர இட்டாந்து வச்சிருக்காங்க. நம்ம குரல் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆளு மூலமாத்தான் குடுக்கணும், ஆனா பதினோரு மைலு, பெட்ரோல் இல்ல, டயர் இல்ல, மன்னிச்சுக்கோங்கம்மான்னு முதல்லயே கெஞ்சுனாரு. என்ன தந்தின்னா கேக்குற? சொல்றேன்க்கா. நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். என் கைய விடு, வலிக்குது. சரி, விடாத. புடிச்சுக்கோ.

அன்னிக்கே வந்தேன், தெரியுமா? உன் மாட்டுக் கொட்டகை வரைக்கும் வந்தேன். நீ கூட்டம் முடிஞ்சு வந்து, தபால் பெட்டிகிட்ட நின்னுக்கிட்டு, லுட்மிலா லுட்மிலா, எமிலு எழுதியிருக்கான்னு கைய ஆட்டுன. கடுதாசிய என் மூஞ்சிக்கு நேரா நீட்டிப் படின்ன. மார்ச்சு இருபதுன்னு மேல போட்டிருந்தான். மிட்டாய் அனுப்பும்மா, இங்க எல்லாத்துலயும் மணலுன்னு எழுதியிருந்தான். நீ அத ரெண்டு தரம் படிக்கச் சொன்ன. படிச்சேன். அதுக்கப்புறம் என் வாயில வேற என்ன வரும் சொல்லு? செவ்வாக்கிழமை செஞ்சிலுவைச் சங்கத்துல கட்டுத்துணி சுத்துறப்ப சொல்லலாம்னு பாத்தேன், நீ எல்லாரையும் சிரிக்க வச்சிட்டிருந்த. நேத்துச் சினிமா. ஒவ்வொரு நாளும் நாளைக்கு அவ இத விடக் கொஞ்சம் சோகமா இருப்பா, அப்பச் சொல்லிக்கலாம்னு பாத்தேன். நீ சோகமாவே இருக்க மாட்டேங்குற.

இல்லக்கா, கதவப் பாக்காத. வண்டிச் சத்தம் இல்ல அது, காத்துதான். மாமா வர்றதுக்குள்ள நானே சொல்லிடணும், ஏன்னா அந்தப் பெரியவரு அவரப் பாத்தா, உங்க வீட்டம்மாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேனேன்னுதான் சொல்லுவாரு. காகிதத்தத் தபால்ல போடட்டுமாம்மான்னு கேட்டாரு. வேணாம், நானே வந்து வாங்கிக்கிறேன்னேன். இன்னும் அங்கதான் இருக்கு.

அவரு எடுத்ததும் கேட்டாரு, வென்சல் வீட்டம்மாவான்னு. கீழ நூறு குஞ்சும் கத்துது. இல்லன்னு சொன்னா, அப்ப நீங்க யாருன்னு கேப்பாரு. மறுபடியும் உன் மணிக்கு எடுத்தது ஊருக்கே தெரிஞ்சுடும், ஞாயித்துக்கிழமை மறுபடியும் சர்ச்சு வாசல்ல நிக்கணும். அந்த வெக்கம்தான்க்கா, வேற ஒண்ணுமே இல்ல. ஆமான்னுட்டேன். எமிலோட அம்மாதானேன்னு இன்னொரு தரம் கேட்டாரு. ஆமா, எமிலோட அம்மாதான்னேன். அதுக்கப்புறம் அவரு படிச்சது ஒரு நிமிஷம்கூட இல்ல. துனிசியாவுல, மார்ச்சு இருபத்தெட்டாந் தேதி, சண்டையிலன்னு. நான் கத்தி அழுதேன், உன் பேருக்குப் பொய்யா இல்ல, நெசமாவே அழுதேன். அந்த மனுஷன் ஃபோன வைக்காம, அழுது முடிக்கிற வரைக்கும் இருந்தாரு. கூட யாராச்சும் இருக்காங்களாம்மான்னு கேட்டாரு. யாரும் இல்லன்னேன். மனசத் தேத்திக்கோங்கன்னாரு, சரிங்கன்னேன். உன் புள்ள செத்த சேதிய உன் பேரச் சொல்லி நான் வாங்கிட்டேன்க்கா, நாலு நாளா நான்தான் வச்சிருக்கேன்.